பந்துக்குள் எலும்புத்தூள்: ஜான் வெஸ்லி ஹயாட்டின் கதை

முதல் ரிவ்யூ அன்னைக்கு நான் லேபுக்குக் கொண்டுபோனது ஒரு கண்ணாடித் தட்டு. அது மேல அப்பளம் பொரிஞ்ச மாதிரி குமிழ் குமிழா ஒரு பிளாஸ்டிக் படலம். எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் அதுதான். டிவி பெட்டியோட வர்ற தெர்மாகோலை எத்தில் அசிட்டேட்டில் கரைக்கணும், அதில் நெல் உமிச் சாம்பலைக் கலக்கணும், தட்டில் ஊற்றிக் காய வைக்கணும். பேப்பரில் படிக்கும்போது சமையல் குறிப்பு மாதிரி இருந்தது. காய்ந்த பிறகு பார்த்தால் மேலே குமிழ், அடியில் சாம்பல் முழுக்கப் படிந்து தனி அடுக்கு, ஓரமெல்லாம் சுருண்டு கிடந்தது. கரைப்பானை ஊற்றத் தெரிந்த எங்களுக்கு அதை வெளியே எடுக்கத் தெரியலைன்னு கைடு சிரிச்சுக்கிட்டே சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரலை.

அன்னைக்கு தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டைக்கு ட்ரெயினில் போகும்போது, இதே பிரச்சனையில் மாட்டிக்கொண்டவர் வேற யாராவது இருக்காங்களான்னு தேட ஆரம்பிச்சேன். கிடைத்தவர் 150 வருஷத்துக்கு முந்தைய ஒரு ஆள். கெமிஸ்ட்ரி படிக்காதவர். அச்சுக்கூடத் தொழிலாளி. பேர் ஜான் வெஸ்லி ஹயாட். செல்லுலாய்டை உலகத்துக்குக் கொண்டுவந்தவர் என்று டெக்ஸ்ட்புக்கில் ஒரே வரியில் முடித்துவிடும் பேர். ஆனா அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கிற கதை எங்க கண்ணாடித் தட்டின் கதையேதான்.

ஹயாட் பிறந்தது 1837 நவம்பர் 28. ஊர், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டார்க்கி. அப்பா கொல்லர். பதினாறு வயசில் வீட்டை விட்டுக் கிளம்பி இல்லினாய்ஸ் போய் அச்சுத் தொழில் கத்துக்கிட்டார். கை சும்மா இருக்காத ஆள் போல. 1861லேயே கத்தி சாணை பிடிக்கிற ஒரு கருவிக்கு காப்புரிமை வாங்கிவிட்டார். பிறகு ஆல்பனி நகரத்தில் அச்சுக்கூட வேலை. பகல் முழுக்க அச்சு, ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் சொந்தச் சோதனை. நம்ம ஊரில் ஷிஃப்ட் முடிச்சுட்டு வீட்டு மாடியில் லேத் ஓட்டுகிறவர்களைப் பார்த்தவங்களுக்கு இந்த மாதிரி ஆளை உடனே அடையாளம் தெரியும்.

அந்தக் காலத்தில் பணக்காரர்களின் விளையாட்டு பில்லியர்ட்ஸ். நம்ம ஊட்டி கிளப்பில் வெள்ளைக்கார அதிகாரிகள் ஸ்னூக்கருக்கு விதி எழுதிக்கொண்டிருந்ததும் 1880களில்தான். பந்து எல்லாம் யானைத் தந்தம். அதிலும் தந்தத்தின் நடு நரம்பு பந்தின் நடுவில் சரியாக வரணும், இல்லாட்டி பந்து நேரா ஓடாது. ஒரு தந்தத்திலிருந்து தேறுகிற நல்ல பந்துகளை ஒரு கை விரலில் எண்ணிடலாம். ஒரு செட் பந்துக்கு எத்தனை யானை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. தந்தம் கிடைப்பது குறைய, விலை ஏறியது. 1863 வாக்கில் ஃபீலன் அண்ட் காலெண்டர் என்ற பில்லியர்ட்ஸ் கம்பெனி, தந்தத்துக்கு நல்ல மாற்று கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு என்று அறிவித்தது. ஹயாட் கண்ணில் அது பட்டது.

முதலில் அவர் முயன்றது மரக்கூழ், அரக்கு. இரண்டையும் கலந்து அச்சில் அழுத்தினார். பந்து சரியா வரலை. ஆனா அதே கலவையில் டாமினோ கட்டையும் செக்கர்ஸ் காயும் நல்லா வந்தது. அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஆல்பனியில் அதுக்கு ஒரு கம்பெனியே ஆரம்பித்துவிட்டார்கள். தோற்றுப்போன சாம்பிளைத் தூக்கிப் போடாமல் அதை விற்றுக் காசு பார்த்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

அடுத்த திருப்பம் அச்சுக்கூடத்திலேயே கிடைத்தது. அச்சுக் கோப்பவர்கள் விரலில் காயம் படாமல் இருக்க ஒரு திரவத்தைத் தடவிக்கொள்வது வழக்கம். பேர் கொலோடியன். ஒருநாள் அலமாரியில் அந்த பாட்டில் சாய்ந்து, கொட்டிய திரவம் காய்ந்து நகம் மாதிரி கெட்டியான ஒரு தகடாகக் கிடந்ததாம். இது அவரே வயசான காலத்தில் சொன்ன கதை.

கொலோடியன் என்னன்னா, பஞ்சை நைட்ரிக், சல்ஃப்யூரிக் அமிலக் கலவையில் ஊறவைத்தால் வரும் நைட்ரோசெல்லுலோஸ். அதை ஈதரும் ஆல்கஹாலும் கலந்த கரைப்பானில் கரைத்தால் கொலோடியன். ஈதர் பறந்துபோனதும் படலம் மிச்சம். கிட்டத்தட்ட எங்க தெர்மாகோல் கரைசல் மாதிரிதான். ஒரே வித்தியாசம், நைட்ரோசெல்லுலோஸில் நைட்ரஜன் இன்னும் கொஞ்சம் கூடினால் அது துப்பாக்கி மருந்து.

ஹயாட் தன் பந்துகளின் மேல் இந்தக் கொலோடியனைப் பூசிப் பார்த்தார். மேல்பூச்சு பளபளன்னு இருந்தது, ஆனா சுருட்டு நெருப்பு பட்டால் குபீர்னு பிடிச்சுக்கும். இரண்டு பந்து வேகமா மோதினால் சில சமயம் சின்ன வெடிச் சத்தம் வேற. கொலராடோவில் சலூன் நடத்திய ஒருவர் அவருக்கு எழுதிய கடிதத்தைப் பற்றி ஹயாட் பிற்காலத்தில் ஜாலியாகச் சொல்லியிருக்கிறார். சத்தத்தைப் பற்றி அந்த சலூன்காரருக்குக் கவலை இல்லையாம். சத்தம் கேட்டதும் அறையில் இருக்கிற அத்தனை பேரும் இடுப்பிலிருந்து துப்பாக்கியை எடுப்பதுதான் அவருக்குப் பிரச்சனையாம்.

பூச்சு சரி, பந்து முழுவதையும் அதிலேயே செய்தால் என்ன? இங்கேதான் எங்க கண்ணாடித் தட்டு வருது. கரைசலில் பாதிக்கு மேல் கரைப்பான். அது வெளியேறும்போது பொருள் சுருங்கும். மேல்தோல் முதலில் காய்ந்து இறுகிடும், உள்ளே மாட்டிக்கொண்ட கரைப்பான் வழி தேடிக் குமிழ் விடும், இல்லாட்டி விரிசல் விடும். மெல்லிய படலத்திலேயே இந்தக் கதின்னா, ஒரு கெட்டிப் பந்தில் எப்படி இருக்கும்? கலந்த தூளும் சும்மா இருக்காது. கரைசல் நீர்த்துப்போய் இருக்கிற வரைக்கும் அது அடியில் படிந்துகொண்டே இருக்கும், துகளோடு துகள் ஒட்டிக் கட்டியாகும்.

இங்கிலாந்தில் அலெக்சாண்டர் பார்க்ஸ் என்பவர் இதே பள்ளத்தில் விழுந்தவர். 1862 லண்டன் கண்காட்சியில் நைட்ரோசெல்லுலோஸில் செய்த பார்க்ஸீன் என்ற பொருளைக் காட்டிப் பதக்கம் வாங்கினார். 1866ல் கம்பெனி ஆரம்பித்தார், 1868ல் மூடினார். மலிவாகவும் அவசரமாகவும் செய்த சீப்புகள் சில வாரத்தில் கோணிக்கொண்டு திரும்பி வந்தன. கரைப்பான் முழுசா வெளியேறுவதற்குள் சரக்கு கடைக்குப் போயிருந்தது.

ஹயாட்டும் அவர் அண்ணன் ஐசாயாவும் பழைய காப்புரிமைகளைப் புரட்டும்போது சிலவற்றில் கற்பூரம் பற்றிய குறிப்பு இருந்தது. நாம சாமிக்கு ஏற்றுகிற அதே கற்பூரம். மற்றவர்கள் அதை ஏற்கனவே கரைசலாக இருப்பதில் கொஞ்சம் சேர்க்கிற துணைப்பொருளாகப் பார்த்தார்கள். ஹயாட் அதைத் திரவமே இல்லாத கரைப்பானாகப் பார்த்தார். கற்பூரம் அறை வெப்பத்தில் திடப்பொருள். பக்கத்தில் நைட்ரோசெல்லுலோஸ் இருந்தாலும் பேசாமல் கிடக்கும். சூடும் அழுத்தமும் கொடுத்தால் உருகி நாருக்குள் புகுந்து அதைக் கரைக்கும். ஆறினால் மறுபடி இறுகி உள்ளேயே தங்கிவிடும். கரைப்பானும் அதுவே, நாம இப்ப பிளாஸ்டிசைசர்னு சொல்றதும் அதுவே. வெளியே எடுக்க வேண்டிய அவசியம் இல்லாததால் சுருக்கமும் இல்லை, குமிழும் இல்லை.

1870 ஜூலை 12ல் கிடைத்த அவருடைய காப்புரிமையில் செய்முறை இருக்கு. நான் அதை நாலு தடவை படித்தேன், ஏன்னா அதில் வரிசை முக்கியம். முதலில் நைட்ரோசெல்லுலோஸைத் தண்ணீரிலேயே போட்டு மாவு மாதிரி அரைக்கிறார். நம்ம வீட்டு கிரைண்டரில் இட்லி மாவு அரைக்கிற மாதிரி நினைச்சுக்கோங்க. ஈரமா இருக்கும்வரை அது தீப்பிடிக்காது. நிறம் வேணும்னா, வேற பொடி ஏதாவது சேர்க்கணும்னா அதை இந்தக் கூழிலேயே கலக்குகிறார். அப்புறம்தான் பொடித்த கற்பூரம், இரண்டு பங்கு நைட்ரோசெல்லுலோஸுக்கு ஒரு பங்கு. பிறகு கூழைப் பிழிந்து தண்ணீரை எடுத்து, அச்சில் வைத்து, ஏறக்குறைய 65லிருந்து 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்துகிறார்.

கவனிச்சீங்களா? பொடியைப் பரப்பும் வேலை முடிந்த பிறகுதான் கரைக்கும் வேலை தொடங்குது. நாங்க செய்தது நேர் தலைகீழ். முதலில் கரைத்துவிட்டு, ஓடுகிற தண்ணி மாதிரி இருந்த கரைசலில் சாம்பலைக் கொட்டினோம். அது அடியில் போய் உட்காராமல் வேற என்ன செய்யும்?

சகோதரர்கள் இதைச் சோதித்தபோது பயமும் இருந்தது. பார்க்க வந்த ஒரு வேதியியல் பேராசிரியர், சூடு கொஞ்சம் கூடினால் ஆளும் கட்டிடமும் மிஞ்சாதுன்னு எச்சரித்துவிட்டுப் போனார். மறுநாள் ஹயாட் தனக்கும் பிரஸ்ஸுக்கும் நடுவில் தடிமனான ஒரு பலகையை நிறுத்திவிட்டு, வேண்டுமென்றே சூட்டை ஏற்றிப் பார்த்தார். புகை சீறிக்கொண்டு வந்ததே தவிர வெடிக்கவில்லை. இதை யாரும் நம்ம லேபில் செய்து பார்க்க வேண்டாம்.

செல்லுலாய்டு என்ற பேரை வைத்தது ஐசாயா. 1870ல் அவர்கள் முதலில் செய்த சரக்கு பல்செட்டு. போட்டுக்கொண்டவர்கள் வாயெல்லாம் கற்பூர வாசனை என்று குறைப்பட்டார்கள். சூடாகக் குடித்தால் இளகும் வேற. ஆனாலும் முதலீட்டாளர்கள் வந்தார்கள். 1872-73 குளிர்காலத்தில் செல்லுலாய்டு மேனுஃபேக்சரிங் கம்பெனி நியூஜெர்ஸியின் நியூவர்க் நகரத்துக்குக் குடிபோனது. அங்கே ஆலைக்கான முறையே மாறியது. கற்பூரத்தோடு கொஞ்சம் ஆல்கஹாலும் சேர்த்து, சூடான இரட்டை உருளைகளுக்கு நடுவில் பரோட்டா மாவு மாதிரி திரும்பத் திரும்பப் பிசைவார்கள். நிறப்பொடி கட்டி தட்டாமல் பரவுவது இந்தப் பிசைதலில்தான். மாவு கெட்டியா இருப்பதால் உருளை இழுக்கிற இழுப்பில் பொடிக் கட்டிகள் உடைந்து பிரியும். தண்ணியா இருக்கும் கரைசலில் அந்த இழுப்பு கிடைக்காது. அப்புறம் பாளமாக அழுத்தி, தகடாகச் சீவி, ஆல்கஹால் வெளியேறத் தொங்கவிடுவார்கள். தடித்த தகடு காய மாசக்கணக்கு ஆகும்.

1872ல் சகோதரர்கள் இன்னொரு இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார்கள். சூடாக்கிய செல்லுலாய்டை ஒரு பிஸ்டன் தள்ளி, சின்ன வாய் வழியாக அச்சுக்குள் திணிக்கும். எங்க அப்பா திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு மோல்டிங் ஷாப்பில் வேலை பார்க்கிறார். அங்கே ராத்திரி பகலா பக்கெட் மூடி துப்பிக்கொண்டிருக்கிற இன்ஜெக்ஷன் மோல்டிங் மெஷினுக்கு இதுதான் கொள்ளுத்தாத்தா. அப்பாகிட்ட இதைச் சொன்னப்ப, அந்த ஆளும் ஹாப்பரில் ஃபில்லர் போட்டுத்தான் ஓட்டினாரான்னு கேட்டார். விளையாட்டாகக் கேட்டார், ஆனா பதில் ஆமாம்தான்.

ஹயாட்டின் பந்து சுத்தமான செல்லுலாய்டு என்றுதான் ரொம்ப நாளா எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1868ல் அவர் செய்த பந்து ஒன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கு. அதையும் அவர் கம்பெனியின் பிற்காலப் பந்துகளையும் ஆராய்ந்து 2023ல் ஒரு கட்டுரை வந்தது. உள்ளே நைட்ரோசெல்லுலோஸ், கற்பூரம், கூடவே அரைத்த மாட்டு எலும்பு. அதாவது அது வெறும் பிளாஸ்டிக் இல்லை, ஃபில்லர் கலந்த காம்போசிட். காரணத்தை நாமே ஊகிக்கலாம். செல்லுலாய்டின் அடர்த்தி 1.4க்குப் பக்கம், தந்தம் 1.8க்குப் பக்கம். அதே அளவில் வெறும் செல்லுலாய்டில் பந்து செய்தால் எடை குறையும், மோதலில் வேற மாதிரி ஓடும், ஆடுகிறவன் கையில் எடுத்ததுமே கண்டுபிடிச்சிடுவான். எலும்பு எடையையும் கடினத்தையும் கூட்டியது. தூள் ஒரே சீராகப் பரவாவிட்டால் பந்தின் ஒரு பக்கம் கனம் கூடிவிடும். பரவியிருந்தது என்பதற்கு, ஆல்பனி பில்லியர்ட் பால் கம்பெனி நூறு வருஷத்துக்கு மேல் பந்து விற்றதே சாட்சி.

அந்த 10,000 டாலர் அவருக்குக் கிடைத்ததுக்கு ஆதாரம் எதுவும் இல்லை. செல்லுலாய்டு யானைகளைக் காப்பாற்றியது என்று இணையத்தில் நிறைய பேர் எழுதுறாங்க, அதையும் நான் நம்பலை. பெரிய போட்டிகளில் தந்தப் பந்துதான் 20ஆம் நூற்றாண்டிலும் உருண்டது.

பெருமையும் முழுசாகக் கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் பார்க்ஸோடு வேலை பார்த்த டேனியல் ஸ்பில், கற்பூரம் தன் கண்டுபிடிப்பு என்று வழக்குப் போட்டார். அமெரிக்க நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் இழுத்து, 1884ல் வந்த தீர்ப்பு ஸ்பில்லுக்குச் சாதகமில்லை. கற்பூரத்தை முதலில் பயன்படுத்தியவர் பார்க்ஸ்தான் என்றானது. ஹயாட் தொழிலைத் தொடரத் தடையில்லை, ஆனா அவர் முதல் ஆளும் இல்லை. எனக்கு இதில் வருத்தம் எதுவும் தோணலை. கற்பூரத்தைப் போட்டுப் பார்த்தவர் பார்க்ஸ், அதை ஆலையில் தினமும் ஓட வைத்தவர் ஹயாட்.

அந்த ஆலை ஓடியதுக்கு ஒரு விலையும் இருந்தது. செல்லுலாய்டு கட்டிடங்கள் திரும்பத் திரும்பத் தீப்பிடித்தன. ஆட்கள் காயப்பட்டார்கள், செத்தும் போனார்கள். ஹயாட்டைப் பற்றிய பாராட்டுக் கட்டுரைகள் சலூன் கதையை விரிவாகச் சொல்லும், இதை ஒரு வரியில் தாண்டிவிடும். மீதி விலை வேற எங்கோ கொடுக்கப்பட்டது. கற்பூரம் வந்தது தைவான் காட்டு மரங்களிலிருந்து. 1895ல் ஜப்பான் அந்தத் தீவைப் பிடித்து, 1899ல் கற்பூரத்தை அரசு ஏகபோகமாக்கியது. நம்ம கோயில் தட்டில் எரிந்ததும் நியூவர்க்கில் சீப்பானதும் ஒரே மரம். பிறகு டர்பன்டைனிலிருந்து செயற்கைக் கற்பூரம் வந்தது. இன்னைக்கு நாம கடையில் வாங்குறது பெரும்பாலும் அந்த வகைதான்.

அதே நியூவர்க்கில் ஹானிபல் குட்வின் என்ற பாதிரியார் நைட்ரோசெல்லுலோஸ் கரைசலை மெல்லிய சுருளாக்கி, 1887ல் ஃபிலிமுக்குக் காப்புரிமை கேட்டார். 1889ல் ஈஸ்ட்மன் கம்பெனி அதை விற்கத் தொடங்கியது. சினிமாவே அதில்தான் பிறந்தது. மெல்லிய படலம் என்பதால் இங்கே கரைப்பானை வெளியே எடுப்பது சாத்தியமாச்சு. ஆனா உள்ளே தங்கிய கற்பூரம் நிரந்தரமா தங்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்துபோகும். நைட்ரோசெல்லுலோஸும் தானாகவே சிதைந்து அமிலம் விடும். தென்னிந்திய மௌனப் படங்களில் 1933ல் வந்த மார்த்தாண்ட வர்மா தவிர ஏறக்குறைய எல்லாம் அழிஞ்சு போச்சு. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த கீசக வதம் ஒரு அடிகூட மிஞ்சலை. அந்த இழப்புக்கு இந்த வேதியியலும் ஒரு காரணம்.

ஹயாட் ஒரே பொருளில் நிற்கவில்லை. ஆற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் வடிகட்டி, கரும்பு ஆலை, தையல் மெஷின் என்று 200க்கும் மேற்பட்ட காப்புரிமைகள். 1890களில் வளைந்து கொடுக்கும் ரோலர் பேரிங்கைக் கொண்டுவந்து அதுக்கு ஒரு கம்பெனி ஆரம்பித்தார். நஷ்டத்தில் தள்ளாடிய அந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் ஆல்ஃபிரட் ஸ்லோன். பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸை வளர்த்த அதே ஸ்லோன்தான். மெக்கானிக்கல் நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கலாம்.

1914ல் அமெரிக்க வேதியியல் துறையின் பெரிய கௌரவமான பெர்கின் மெடல் அவருக்குக் கிடைத்தது. கெமிஸ்ட்ரி படிக்காத ஒருவருக்கு. சலூன் கதை, பாட்டில் கதை, பலகைக் கதை எல்லாம் அந்த விழாவில் அவர் சொன்னவைதான். அதுக்குள் பேக்லைட் வந்து, பில்லியர்ட்ஸ் பந்து அந்தப் பக்கம் சாய ஆரம்பித்திருந்தது. 1920 மே 10ல் நியூஜெர்ஸியின் ஷார்ட் ஹில்ஸில் இறந்தார், 82 வயசு.

அவர் பொருள் நம்ம தலைமுறை வரைக்கும் வந்தது. சர்வதேசப் போட்டிகளில் டேபிள் டென்னிஸ் பந்து 2014 வரை செல்லுலாய்டுதான். ஹாஸ்டல் ரெக்ரியேஷன் ரூமில் பழைய பந்து இருந்தால் விரலால் நல்லா தேய்ச்சுட்டு மோந்து பாருங்க, மார்கழி மாசப் பெருமாள் கோயில் வாசனை வரும்.

எங்க ப்ராஜெக்ட்? வரிசையை மாத்திட்டோம். சாம்பலை முதலில் நல்லா அரைத்து, சலித்து, தெர்மாகோலில் எத்தில் அசிட்டேட்டைக் கொஞ்சமா மட்டும் தெளித்து இளக்கி, கெட்டி மாவாக இருக்கும்போதே சாம்பலைப் போட்டு ஸ்டீல் உருளையால் நாற்பது தடவை மடித்து மடித்துத் தேய்த்தோம். ஃப்யூம் ஹுட்டுக்குள்ளே, கையுறை போட்டுக்கிட்டுத்தான். கை வலி உயிர் போச்சு. தகடு இப்போ அங்கேயே காயுது. அடியில் தனி அடுக்கு தெரியலை. ஒரு மூலையில் மட்டும் நாலைந்து குமிழ் இருக்கு. தினமும் காலையில் முதல் ஆளாகப் போய் எடை போடுறோம், இன்னும் இறங்கிக்கிட்டே இருக்கு. எடை நின்ற பிறகுதான் ஹாட் பிரஸ்ஸில் வைக்கணும். இரண்டாவது ரிவ்யூவுக்கு இன்னும் ஒன்பது நாள்.